முதல் குண்டா, அடுத்த குண்டா?

பயிரை அழிக்கும் விலங்குகளைச் சுட அரசுகள் அனுமதிக்கின்றன. வேகமாகச் சுடும் துப்பாக்கி இருந்தால் பிரச்னை தீருமா?

2019-ல் பிகாரின் வைசாலி மாவட்டத்திலிருந்து வந்த ஒரு வீடியோ நாடு முழுவதும் பரவியது. சுடப்பட்டும் உயிர் போகாமல் கிடந்த ஒரு நீலகாயை மண் அள்ளும் இயந்திரம் குழிக்குள் தள்ளியது. பிறகு அதே இயந்திரம் மண்ணைப் போட்டு மூடியது. பயிரை மேயும் நீலகாய்களைச் சுட அரசே அனுமதி தந்திருந்தது. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் பதறிப்போனார்கள். அந்த விலங்குக்குத் தேவைப்பட்டது இன்னும் ஒரே ஒரு குண்டு. அது கிடைக்கவில்லை.

செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களுடன் வேட்டைக்குப் போவது சரியா என்று உலகெங்கும் நடக்கும் சர்ச்சையின் மையம் இந்த அடுத்த குண்டுதான். அது உடனே பாய்வது கருணை என்கிறது ஒரு தரப்பு. அடுத்தது இருக்கிறது என்ற தைரியமே முதல் குண்டைக் கெடுக்கிறது என்கிறது மறு தரப்பு.

இரண்டு வகை ரைபிள்களுக்கும் உள்ள வித்தியாசம் எளிமையானது. போல்ட் ரைபிளில் ஒவ்வொரு முறை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, பின்னால் இழுத்து, காலித் தோட்டாவை வெளியேற்றி, முன்னால் தள்ளி அடுத்ததை ஏற்ற வேண்டும். செமி ஆட்டோமேட்டிக்கில் இந்த வேலையை, வெடிமருந்து எரிவதால் எழும் வாயுவோ துப்பாக்கியின் பின்னுதைப்போ செய்துவிடுகிறது. சுடுபவர் விசையை மறுபடி அழுத்தினால் போதும். ஆனால் ஒரு அழுத்தத்துக்கு ஒரு குண்டுதான். அழுத்திப் பிடித்தால் சடசடவென்று பொழியும் இயந்திரத் துப்பாக்கி அல்ல இது. புதிய கண்டுபிடிப்பும் அல்ல. ஜான் பிரௌனிங் வடிவமைத்த ரெமிங்டன் மாடல் 8, 1906-லேயே அமெரிக்க வேட்டைக்காரர்களின் கைக்கு வந்துவிட்டது.

இதன் நன்மைகளை மறுக்க முடியாது. காயம்பட்ட விலங்கின் மீதிருந்து கண்ணை எடுக்காமல், துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்காமல் மறுபடியும் சுட்டு அதன் வேதனையை முடிக்கலாம். வாயுவால் இயங்கும் ரகங்களில் தோளில் விழும் உதையும் குறைவு. அடிபட்ட காட்டுப்பன்றி சுட்டவரை நோக்கியே பாயும்போது கைப்பிடியை இழுத்துத் தள்ள நேரம் இருக்காது. ஏகாதிபத்தியக் காலத்து வேட்டைக்காரர்கள் பெரிய விலங்குகளுக்கு இரட்டைக்குழல் ரைபிளை விரும்பியதும் இதற்காகத்தான். ஜிம் கார்பெட்டிடமும் அப்படி ஒன்று இருந்தது. ஆனால் 125 பேரைக் கொன்றதாகக் கணக்கில் உள்ள ருத்ரபிரயாகை சிறுத்தையை 1926-ல் அவர் வீழ்த்தியது .275 ரிக்பி போல்ட் ரைபிளால். இருட்டில், ஒரே குண்டில்.

பாதகங்களின் பட்டியலும் சிறியதல்ல. பத்துத் தோட்டாக்கள் தயாராக இருக்கும்போது முதல் குண்டுக்கான பொறுமை குறைகிறது. முதல் வெடிச் சத்தத்திலேயே பன்றிக் கூட்டம் சிதறி ஓடும். ஓடும் விலங்கின் இதயத்தையோ நுரையீரலையோ குறி வைப்பது கைதேர்ந்தவர்களுக்கே கடினம். அப்போது அடுத்தடுத்துப் பாயும் குண்டுகள் கொல்வதைவிடக் காயப்படுத்தவே அதிக வாய்ப்பு. வயிற்றில் குண்டு வாங்கிய பன்றி கரும்புக் காட்டுக்குள் புகுந்து மெதுவாகச் சாகும். அதற்கு முன் மறுநாள் காலையில் வயலுக்கு வரும் கூலியாளை அது எதிர்கொள்ளவும் கூடும்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. சுட்டு முடித்ததும் இந்த ரைபிளில் அடுத்த தோட்டா தானாகவே ஏறி உட்கார்ந்திருக்கும். அதை மறந்துவிட்டு வரப்பைத் தாண்டுபவரும், துப்பாக்கியை அடுத்தவரிடம் நீட்டுபவரும் விபத்தை அழைக்கிறார்கள். புழுதியும் சேறும் போல்ட் ரைபிளைவிட இதன் இயக்கத்தை எளிதில் பாதிக்கும். இது தவிர, எந்த வகை ரைபிளாக இருந்தாலும் அதன் குண்டு குறி தவறினால் கிலோமீட்டர் கணக்கில் பறக்கும். வயலுக்கு அடுத்து வீடும் வீட்டுக்கு அடுத்து சாலையும் இருக்கும் இந்தியக் கிராமத்தில், இப்படிப் பறக்கும் குண்டுகளின் எண்ணிக்கை கூடுவது சாதாரண விஷயமல்ல.

இந்தியச் சட்டம் இந்த விவாதத்துக்கு இடம் தரவில்லை என்றே சொல்லலாம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் லைசென்ஸ் பெற்று வேட்டையாட இருந்த வழி 1991 திருத்தத்தோடு அடைபட்டது. 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களை, சாதாரண லைசென்ஸில் கிடைக்காத கட்டுப்படுத்தப்பட்ட வகையில் வைத்திருக்கின்றன. ராணுவத் தோட்டாக்களான .303, 7.62 மி.மீ. ஆகியவற்றைச் சுடும் ரைபிள்களுக்கும் இதே கதிதான். ஆகவேதான் வட மாநிலங்களில் அரசு ஆயுதத் தொழிற்சாலையின் .315 போல்ட் ரைபிள் அதிகம் புழங்குகிறது. விவசாயிக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டம் மனதில் வைத்திருப்பது இன்னும் பழைய ஆயுதம். பயிர்ப் பாதுகாப்புக்கு, குழலின் வாய் வழியாக மருந்து கெட்டித்துச் சுடும் நாட்டுத் துப்பாக்கி. அது போதாது என்று அதிகாரி கருதினால்தான் வேறு வகைக் குழல் துப்பாக்கி.

ஆனால் வேட்டை நின்றாலும் சுடுவது நிற்கவில்லை. 2015 டிசம்பரில் பிகாரின் சில மாவட்டங்களில் நீலகாயையும் காட்டுப்பன்றியையும் பயிரழிக்கும் விலங்குகளாக மத்திய அரசு அறிவித்தது. 2016 ஜூனில், பருப்பு விளையும் மொகாமா பகுதியில் ஐதராபாத்திலிருந்து வந்தவர்கள் சில நாட்களில் 200-க்கும் மேற்பட்ட நீலகாய்களைச் சுட்டார்கள். மத்திய அமைச்சர்களான மேனகா காந்தியும் பிரகாஷ் ஜவடேகரும் பகிரங்கமாக மோதிக்கொண்டார்கள். கேரளத்தில் 2022 மே மாதம் முதல் ஊராட்சித் தலைவர்களே காட்டுப்பன்றியைச் சுட உத்தரவிடலாம். விஷம், வெடி, மின்சாரம் ஆகியவை கூடாது என்பது நிபந்தனை. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அறிவிப்பின்படி, காப்புக்காட்டிலிருந்து 3 கி.மீ.க்கு அப்பால் வரும் பன்றிகளை வனத்துறையினர் சுடலாம். ஒன்று முதல் 3 கி.மீ. வரை பிடித்துக் காட்டில்தான் விட வேண்டும்.

மரவள்ளியும் நிலக்கடலையும் ஒரே இரவில் கிளறப்பட்டுக் கிடப்பதைக் காணும் விவசாயிக்கு இந்த ஏற்பாடு அரைகுறையாகத் தெரிவதில் வியப்பில்லை. இருபது பன்றிகள் இறங்கும் வயலுக்கு இரண்டு தோட்டாத் துப்பாக்கியா என்று அவர் கேட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

வேகம் எவ்வளவு தூரம் உதவும் என்பதற்கு அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம் ஒரு பாடம். அங்கே செமி ஆட்டோமேட்டிக் ரைபிளுக்குத் தடையில்லை. 2011 முதல் கட்டணம் செலுத்தி ஹெலிகாப்டரிலிருந்தே பன்றிகளைச் சுடலாம். ஆனாலும் லட்சக்கணக்கான பன்றிகள் அங்கே தொடர்ந்து வயல்களைக் கிளறுகின்றன. சுடுவதைவிட ஈனுவது வேகமாக நடக்கிறது.

மற்ற நாடுகள் நடுவழியைத் தேடியிருக்கின்றன. 1996-ல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆஸ்திரேலியாவும், 2019-ல் கிறைஸ்ட்சர்ச் மசூதிகளில் 51 பேர் கொல்லப்பட்ட பிறகு நியூசிலாந்தும் செமி ஆட்டோமேட்டிக் ரைபிள்களைப் பெருமளவில் தடை செய்தன. ஆனால் விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைப்பதையே தொழிலாகச் செய்பவர்களுக்கு இரண்டு நாடுகளும் விலக்கு அளித்தன. ஜெர்மனி 2016-ல் வேறு வழி கண்டது: வேட்டைக்காரர் வைத்திருக்கலாம், ஆனால் துப்பாக்கியில் மூன்று தோட்டாக்களுக்கு மேல் இருக்கக் கூடாது. முதல் குண்டு தவறினால் வேதனையை முடிக்க அது போதும், பொழிந்து தள்ளப் போதாது.

இதில் இந்தியாவுக்கு ஒரு செய்தி இருக்கிறது. வேகமான துப்பாக்கி, பயிற்சி பெற்று, பொறுப்பேற்று, கணக்குக் காட்டுபவர் கையில் மட்டுமே கருவி. ஊர் ஊராக அதை விநியோகிப்பது தீர்வல்ல. அதேசமயம், சுட அனுமதி கொடுத்துவிட்டு யார் சுடுகிறார், எத்தனை தோட்டாக்கள் செலவாயின, எத்தனை விலங்குகள் விழுந்தன, காயத்தோடு ஓடியதைத் தேடிப் போனது யார் என்று கேட்காமல் இருப்பதும் நிர்வாகமல்ல. சுடும் வேலையைத் தகுதித் தேர்வு பெற்றவர்களிடம் ஒப்படைப்பது, அடிபட்டதைத் தேடி முடிக்காமல் அன்றைய வேலை முடிந்ததாகாது என்று விதிப்பது ஆகிய இரண்டுக்கும் புது ரைபிள் தேவையில்லை.

வைசாலியில் குழிக்குள் தள்ளப்பட்ட நீலகாய்க்கு அடுத்த குண்டு கிடைக்காமல் போனது துப்பாக்கி மெதுவாக இயங்கியதால் அல்ல. அதைச் சுட வேண்டிய கடமை யாருடையது என்று யாரும் தீர்மானித்திருக்கவில்லை.