சாரல் காத்தை டப்பாவில் அடைக்க முடியுமா?

ஆனி, ஆடி மாசத்துல தென்மேற்குப் பருவக்காற்று செங்கோட்டை கணவாய் வழியா உள்ளே வரும். குற்றாலத்துல தண்ணி விழும், தென்காசி முழுக்கச் சாரல் அடிக்கும். அதே காற்றுதான் சுரண்டை, ஆலங்குளம் பக்கத்துக் காற்றாலைகளையும் சுத்த வைக்குது.

போன சீசன்ல மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அவங்க வயலுக்குப் பக்கத்துல ஒரு காற்றாலை. காத்து ஆளையே தள்ளுற நேரத்துல அது சும்மா நின்னுச்சு. "கரண்டு கூடிப்போச்சுன்னு நிறுத்திட்டாங்கடே. பொறவு காத்து இல்லாதப்ப கரண்டுக்கு எங்க போறது? ஏல, நீ இன்ஜினியருக்குத்தான படிக்க? இத ஒரு டப்பால அடைச்சு வைக்க வழியில்லியா?"ன்னு மாமா கேட்டாங்க. சிரிச்சு மழுப்பிட்டேன். ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்குத் தலைப்பு தேடினப்போ அந்தக் கேள்வி திரும்ப வந்துச்சு.

டப்பாவுக்கு ஒரு பேர் உண்டு: ஹைட்ரஜன். மிச்சமாகுற கரண்டை வெச்சுத் தண்ணீரைப் பிரிச்சா ஹைட்ரஜன் கிடைக்கும். வேணும்கிறப்போ அதை ஃபியூயல் செல்லில் கொடுத்தா திரும்பக் கரண்ட். 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் கொடுத்த தேசியப் பசுமை ஹைட்ரஜன் திட்டத்தின் இலக்கு, 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன்.

சிக்கல் சேமிப்பில்தான். 5 கிலோ ஹைட்ரஜன் சாதாரண அழுத்தத்தில் ஏறக்குறைய 60,000 லிட்டர் இடத்தை அடைக்கும். அதைச் சுருக்க 700 பார் அழுத்தம் வேணும், இல்லேன்னா மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர வைக்கணும். மூணாவது வழி, ஒரு உலோகத்துக்கு ஹைட்ரஜனைக் "குடிக்க" கொடுப்பது. மக்னீசியம் அதைக் குடிச்சு மக்னீசியம் ஹைட்ரைடு ஆகும். எடையில் 7.6 சதவீதம் ஹைட்ரஜன். ஒரு லிட்டர் ஹைட்ரைடில் சுமார் 110 கிராம் இருக்கும்; ஒரு லிட்டர் திரவ ஹைட்ரஜனிலேயே 71 கிராம்தான். மக்னீசியம் விலையும் ரொம்ப அதிகமில்லை.

அப்புறம் ஏன் இன்னும் கடைக்கு வரலை? ரெண்டு தடை இருக்கு, ரெண்டையும் குழப்பிக்கக் கூடாது.

முதல் தடை வேகம். ஹைட்ரஜன் மூலக்கூறு ரெண்டு அணுவா உடைஞ்சாதான் உலோகத்துக்குள்ள போகும். மக்னீசியம் அதை உடைக்கிறதுல மந்தம். போதாக்குறைக்கு, மேல்பகுதி முதலில் ஹைட்ரைடா மாறி, சூடான பாலில் ஆடை படியுற மாதிரி மூடிக்கும். உள்ளே இருக்கிற மக்னீசியம் பட்டினிதான்.

இங்கேதான் ஆக்சைடு வருது. நயோபியம் ஆக்சைடு, டைட்டானியம் ஆக்சைடு மாதிரி ஒன்றைக் கொஞ்சமாகச் சேர்த்து, இரும்புக் குண்டுகள் உருளும் பால் மில்லில் மணிக்கணக்கில் அரைப்பாங்க. துகள் நுண்ணிசாகும், ஆக்சைடு எல்லாப் பக்கமும் பரவி, ஹைட்ரஜனை உடைக்கிற வேலையை எடுத்துக்கும். 2003ல் ஜெர்மனியின் கீஸ்தாக்ட் ஆய்வாளர்கள் நயோபியம் ஆக்சைடை வெச்சு 300 டிகிரியில் சில நிமிடங்களிலேயே ஹைட்ரஜனை ஏற்றி இறக்கிக் காட்டினாங்க. நம்ம நாட்டில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஓ. என். ஸ்ரீவஸ்தவாவின் குழு இந்தத் துறையில் பல வருஷம் உழைச்சது.

ஆக்சைடு சும்மா வராது. நூறு மூலக்கூறுக்கு ஒண்ணுன்னு கேட்க ரொம்பக் குறைச்சலாத் தெரியும். ஆனா நயோபியம் கனமான தனிமம். கணக்குப் போட்டா எடையில் 9 சதவீதத்துக்கு மேல் போகுது, 7.6 என்பது 6.9 ஆகிடும். ஆக்சைடில் உள்ள ஆக்சிஜனும் கொஞ்சம் மக்னீசியத்தைப் பிடிச்சுக்கும். அதனால அளவு முக்கியம்.

ரெண்டாவது தடை வெப்பம். ஒரு மோல் ஹைட்ரஜனை வெளியே எடுக்க 75 கிலோஜூல் கொடுத்தே ஆகணும். அந்த ஹைட்ரஜனை எரிச்சா கிடைப்பதே 242 கிலோஜூல்தான். அதாவது கிட்டத்தட்ட மூணில் ஒரு பங்கு. சாதாரண அழுத்தத்தில் வெளியே வர 280 டிகிரியாவது வேணும். எந்தக் கேட்டலிஸ்ட்டும் இதைக் குறைக்காது.

நம்ம ஊர் உதாரணமே சொல்றேன். செங்கோட்டையிலிருந்து புனலூர் போக மலை உச்சி ஏற வேண்டாம், ஆரியங்காவு கணவாய் இருக்கு. ஏற்றம் குறையுது, சீக்கிரம் போயிடலாம். ஆனா ரெண்டு ஊருக்கும் உள்ள உயர வித்தியாசம் அப்படியேதான் இருக்கும். ஆக்சைடு அந்தக் கணவாய். 75 கிலோஜூல் அந்த உயர வித்தியாசம். "கேட்டலிஸ்ட் போட்டேன், வெப்பப் பிரச்சினை தீர்ந்தது"ன்னு வைவாவில் சொன்னா மாட்டிக்குவோம். நானே முதல் ரிவ்யூவில் அப்படிச் சொல்லி வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

அப்போ மாமாவுக்கு என்ன பதில்? பைக்கில் வைக்க இது இப்போதைக்குச் சரிப்படாது. தரையில் நிற்கும் தொட்டிக்கு எடை பெரிய பிரச்சினையில்லை. 2 மெகாவாட் காற்றாலை ஒரு மணி நேரம் முழு வேகத்தில் ஓடினா, கிலோவுக்கு 52 யூனிட் கணக்கில் சுமார் 38 கிலோ ஹைட்ரஜன். அதைப் பிடிக்க அரை டன் தூள் போதும். ஏற்றும்போது வெளிவரும் வெப்பத்தைச் சேர்த்து வெச்சோ, சூடா ஓடுற ஃபியூயல் செல்லின் கழிவு வெப்பத்தைக் கொடுத்தோ இறக்கலாம்.

இதை ஃபோனில் சொன்னேன். "அப்ப டப்பா இருக்கு, அடுப்புதான் வேணும்ங்க"ன்னாங்க மாமா. என் புராஜெக்ட் ரிப்போர்ட்டோட முடிவுரையும் கிட்டத்தட்ட அதேதான், நாலு பக்கத்துல.