சூரியனை விடப் பெரிய வேட்டி

நல்ல வெயில் நேரத்தில் ஒரு தென்னை மரத்தின் நிழலை அடியிலிருந்து நுனிவரை நடந்து பாருங்கள். வேரடியில் நிழலின் ஓரம் கத்தியால் கீறியதுபோல் இருக்கும். நடக்க நடக்க ஓரம் மெல்லக் கரையத் தொடங்கும். கீற்றுகளின் நிழல் விழும் இடத்துக்கு வந்தால், ஓலைகளைத் தனித்தனியாக எண்ண முடியாது. கலங்கிய சாம்பல் நிறம் மட்டும் தரையில் அசைந்துகொண்டிருக்கும். மரம் ஒன்று, வெயில் ஒன்று, நிழல் மட்டும் ஏன் இரண்டு விதம்?

சூரியன் ஒரு புள்ளியாக இல்லை என்பதுதான் காரணம். அதன் விட்டம் ஏறத்தாழ 14 லட்சம் கிலோமீட்டர். நம்மிடமிருந்து அது இருக்கும் தூரம் சுமார் 15 கோடி கிலோமீட்டர். அதாவது, விட்டத்தைப் போல 108 மடங்கு தொலைவில் அது நிற்கிறது. ஆகவே, எந்தப் பொருளின் நிழலும் தரைக்கு வந்து சேரும் தூரத்தில் 108இல் ஒரு பங்கு அளவுக்கு ஓரத்தில் கலங்கிவிடும். ஒரு மீட்டர் உயரத்தில் நீட்டிய கைக்கு அந்தக் கலக்கம் 9 மில்லிமீட்டர். 20 மீட்டர் கடந்து வரும் கீற்றின் நிழலுக்கு 18 சென்டிமீட்டருக்கும் மேல். ஓலையின் அகலமே அதைவிடக் குறைவு. அதனால்தான் ஓலை நிழலில் காணாமல் போகிறது.

ஒளிப்பதிவைக் கற்க விரும்புகிறவருக்கு நான் முதலில் காட்டுவது இந்த நிழலைத்தான், கேமராவை அல்ல. ஒளி எவ்வளவு பெரிய இடத்திலிருந்து வருகிறது என்பதை நிழலின் ஓரம் எழுதி வைத்துவிடுகிறது. ஒளிமூலம் கண்ணுக்குச் சிறியதாகத் தெரிந்தால் நிழல் கூர்மையாகும், பெரியதாகத் தெரிந்தால் கரையும். இங்கே கணக்கு கிலோமீட்டரில் இல்லை, கோணத்தில் இருக்கிறது. நம் வானத்தில் சூரியன் பிடித்திருக்கும் இடம் அரை டிகிரிதான். இரண்டு மீட்டர் நீளமுள்ள நாலு முழ வேட்டியை விரித்துக் கட்டி, இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அது நீளவாக்கில் ஐம்பது டிகிரிக்கு மேல் பிடித்துக்கொள்ளும். நம் முகத்தைப் பொறுத்தவரை, அந்த வேட்டி சூரியனை விட நூறு மடங்கு நீளம்!

இந்தக் கணக்கைத் திரையில் உயிராக்கிக் காட்டியவர், இயக்குநர் சத்யஜித் ரேயின் ஒளிப்பதிவாளர் சுப்ரதா மித்ரா. ரே தன் இரண்டாவது படமான ‘அபராஜிதோ’வை 1956இல் வெளியிட்டார். வாரணாசிக்குக் குடிபெயர்ந்த ஓர் ஏழைக் குடும்பத்தின் கதை அது. அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்கு நடுவில் முற்றம். நம்மூர்த் தொட்டிக்கட்டு வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த வெளிச்சம் தெரியும். வெயில் நேராக இறங்குவது கொஞ்ச நேரம்தான். மற்ற பொழுதெல்லாம் வானமே வெளிச்சமாக இறங்கிக்கொண்டிருக்கும், யார் மூக்குக்குக் கீழேயும் அழுத்தமான நிழல் விழாது. கலை இயக்குநர் பன்சி சந்திரகுப்தா, மழைக்குப் பயந்து, அந்த வீட்டைக் கல்கத்தாவில் ஒரு ஸ்டுடியோவுக்குள்ளேயே கட்ட விரும்பினார். மித்ரா கடுமையாக எதிர்த்தார். வானத்திலிருந்து வரும் நிழலற்ற வெளிச்சத்தை ஸ்டுடியோ விளக்குகளால் கொண்டுவர முடியாது என்பது அவர் வாதம். வாதத்தில் தோற்றார், செட் உள்ளேதான் அமைந்தது.

தோற்ற பிறகு அவர் செய்த காரியம்தான் முக்கியமானது. முற்றத்துக்கு மேலே, வானம் இருக்க வேண்டிய இடத்தில், வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டினார். விளக்குகளை நடிகர்களை நோக்கித் திருப்பாமல், கீழிருந்து அந்தத் துணியை நோக்கித் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம் முற்றத்தில் இறங்கியது. பின்னாளில் உலகமெங்கும் ‘பௌன்ஸ் லைட்டிங்’ என்று வழக்கமாகிவிட்ட முறை இது. இன்று நம் படப்பிடிப்புகளில் லைட்மேன்கள் தெர்மாகோல் அட்டையைத் தூக்கிப் பிடிப்பதும் இதே வேலைக்குத்தான்.

துணிக்குப் பதில் அவர் கண்ணாடியைக் கட்டியிருந்தால்? ஒன்றும் நடந்திருக்காது. கண்ணாடி கதிரை ஒரே திசையில் திருப்பிவிடும். அதற்குள் தெரியும் விளக்கின் பிம்பம் பழைய சிறிய விளக்காகவே இருக்கும், நிழலும் பழைய கூர்மையோடு விழும். துணியின் சொரசொரப்பான பரப்போ, தன் மேல் விழும் ஒவ்வொரு கதிரையும் எல்லாத் திசைகளிலும் சிதறடிக்கிறது. அப்போது துணியின் ஒவ்வோர் அங்குலமும் தனித்தனி விளக்காகிறது. நடிகரின் மூக்கு ஓர் அங்குலத்திலிருந்து வரும் ஒளியை மறைத்தால், பக்கத்து அங்குலம் அந்த இருட்டை நிரப்பிவிடுகிறது. இதற்கு விலையும் உண்டு. சிதறும் வெளிச்சத்தில் பெரும்பகுதி நடிகரிடம் வந்து சேராமலே போய்விடும். வெளிச்சம் அதிகம் கேட்ட அந்தக் காலத்து ஃபிலிமை வைத்துக்கொண்டு அந்த விலையைக் கொடுக்கத் துணிவு வேண்டும்.

நிழலின் ஓரத்தைப் பொறுத்தவரை, ஒளி தான் பிறந்த ஊரைச் சொல்வதில்லை. கடைசியாகத் தங்கிய ஊரைத்தான் சொல்லும். மேகம் மூடிய நாளில் நம் முகத்துக்கு ஒளிமூலம் சூரியன் இல்லை, மேகம். சுவரில் பட்டு வந்தால் சுவர். இன்றிரவே சோதித்துப் பார்க்கலாம். அறையை இருட்டாக்கி, கைபேசி டார்ச்சை ஒருவர் முகத்துக்குப் பக்கவாட்டில் பிடியுங்கள். மூக்கின் நிழல் கன்னத்தில் கரிக்கோடாக விழும். அதே டார்ச்சைப் பக்கத்து வெள்ளைச் சுவரின் மேல் திருப்புங்கள். கோடு மறையும், முகம் வேறொருவருடையதுபோல் சாந்தமாகும்.

மித்ரா எந்தத் திரைப்படப் பள்ளியிலும் படித்தவரில்லை. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரெனுவார் ‘தி ரிவர்’ படத்தைக் கல்கத்தா பக்கம் எடுத்தபோது, மாணவராக இருந்த மித்ரா அங்கே வேடிக்கை பார்க்க அனுமதி பெற்றார். விளக்கு எங்கே நிற்கிறது, கேமரா எங்கே, நடிகர் எங்கிருந்து எங்கே நகர்கிறார் என்று படம் வரைந்து குறித்துக்கொண்டே இருந்தார். ரேயின் முதல் படமான ‘பதேர் பாஞ்சாலி’க்கு ஒளிப்பதிவாளரானபோது வயது இருபதுகளின் தொடக்கம்; அதுவரை திரைப்படக் கேமராவை இயக்கியதே கிடையாது. கேமராவைத் தொடும் முன்பே அவர் பார்க்கக் கற்றிருந்தார்.

நாமும் அப்படிக் கற்கலாம். படம் பார்க்கும்போது மூன்று இடங்களைக் கவனித்தால் போதும். முதலாவது, மூக்கு நிழலின் ஓரம். ஒளிமூலத்தின் அளவை அது சொல்லிவிடும். இரண்டாவது, கருவிழி. அது ஒரு சிறு குவிந்த கண்ணாடி. அதில் மின்னுவது சன்னலா, துணியா, விளக்கா என்பதை அண்மைக் காட்சிகளில் தெளிவாகப் பார்க்கலாம். மூன்றாவது, நடிகர் நடக்கும்போது வெளிச்சம் குறையும் வேகம். சிறிய விளக்கிலிருந்து இரு மடங்கு தள்ளிப் போனால் வெளிச்சம் கால் பங்காகிவிடும். 15 கோடி கிலோமீட்டர் தாண்டி வரும் வெயிலுக்குப் பத்தடி ஒரு பொருட்டே இல்லை. சன்னல் வழியே வரும் ‘வெயிலில்’ நிற்கும் நடிகர் இரண்டடி நகர்ந்ததும் மங்கினால், சன்னலுக்கு வெளியே விளக்கு நிற்கிறது. தரையில் சன்னல் கம்பிகளின் நிழல் விசிறிபோல் விரிந்தாலும் அதே கதைதான். அசல் வெயில் கம்பிகளை இணைகோடுகளாகவே கிடத்தும்.

இப்படிக் கண்டுபிடிப்பது குற்றம் சாட்டுவதற்காக இல்லை, அந்த ஒளி கதைக்கு என்ன செய்கிறது என்று கேட்பதற்காக. ‘தி காட்ஃபாதர்’ (1972) படத்தில் ஒளிப்பதிவாளர் கார்டன் வில்லிஸும் ஒளியைத் தலைக்கு மேலிருந்துதான் இறக்கினார். மார்லன் பிராண்டோவின் முதுமை ஒப்பனைக்கு அந்த வெளிச்சமே பொருந்தியது. பக்கங்களில் சிதறாதபடி அதை அடக்கியும் வைத்தார். ஆகவே கண்குழிகள் இருண்டன. நடிகரின் கண் தெரிய வேண்டும் என்ற ஸ்டுடியோ விதியை மீறிய அந்த இருட்டுதான், மனதில் என்ன ஓடுகிறது என்று கணிக்க முடியாத ஒரு மனிதரை நமக்குத் தந்தது. மித்ராவின் ஒளியும் மேலிருந்துதான் வந்தது, ஆனால் மறைக்க அதற்கு ஒன்றுமில்லை. ஒரே திசை ஒளியை இருவர் இரண்டு கதைகளுக்குக் கொடுத்தார்கள். பி.சி. ஸ்ரீராமுக்கு ஒளிப்பதிவுக்கான தேசிய விருது வாங்கித் தந்த ‘நாயகன்’ (1987) படத்தை இந்தக் கண்ணோடு மறுபடி பாருங்கள். வெளிச்சம் எங்கே இருக்கிறது என்பதோடு, எங்கே வேண்டாம் என்று விடப்பட்டிருக்கிறது என்பதையும் கேளுங்கள். ‘அழகாக இருக்கிறதா’ என்ற கேள்வியை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். இந்த இடத்துக்கும் இந்த மனிதருக்கும் இந்த ஒளி உண்மையாக இருக்கிறதா என்பதே எனக்கு முதல் கேள்வி.

‘அபராஜிதோ’வின் முற்றத்தில், வேலை ஓய்ந்து நிற்கும் தாய் சர்பஜயாவின் முகத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். மேலே துணி என்று தெரிந்த பிறகும் என்னால் துணியைப் பார்க்க முடிந்ததில்லை. அது தந்திரத்தின் வெற்றி என்று சொல்ல மனம் வரவில்லை. வானம் எவ்வளவு அகலமாக இறங்குமோ அவ்வளவு அகலமாகத்தான் துணியிலிருந்தும் ஒளி இறங்கியது. அந்த முகத்தில் விழுந்தது வாரணாசியின் பகல்தான்.