தோல் தொழிலும் தொழில்நுட்பக் கல்வியும்

தொழிற்சாலையும் பல்கலைக்கழகமும் இணைந்து இயங்க வேண்டும் என்பது மேடைதோறும் கேட்கும் பேச்சு. அவ்விணைப்பு எங்ஙனம் நிகழும், எங்கே தடைப்படும் என்பதை அறிய, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் நம் சமுதாயத்தவர் பெரிதும் ஈடுபட்டுள்ள தோல் தொழிலையே நோக்கலாம்.

ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்ட காலத்தில் மகன் தந்தையிடமே தொழில் கற்றான். 1948இல் சென்னை அடையாற்றில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. அருகிலேயே அழகப்பா தொழில்நுட்பக் கல்லூரி. தோல் தொழில்நுட்பப் பட்டப்படிப்பில் இரண்டும் இணைந்தன, ஆய்வாளரே ஆசிரியருமாயினர். நம் நாட்டில் இத்தகைய அண்டைவீட்டு உறவு அரிதே.

ஆயினும் உண்மைச் சோதனை பின்னரே வந்தது. குரோமிய உப்பால் பதனிடும் வழக்கமான முறையில் அவ்வுப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு தோலில் பற்றாமல் கழிவுநீரில் கலந்துவிடும். பாலாற்றங்கரைக் கிணறுகள் கெட்டன. கழிவைச் சுத்திகரிக்க வழி செய்யாத தொழிற்சாலைகள் மூடப்பட வேண்டும் என 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயிரமாயிரம் குடும்பங்களின் பிழைப்பும் ஊராரின் குடிநீரும் ஒரே தராசில் நின்றன.

குரோமியத்தை மீட்கும் வழியை ஆய்வகம் அறிந்தே இருந்தது. கழிவுநீரில் மக்னீசியம் ஆக்சைடு இட்டால் குரோமியம் அடியில் படியும். படிந்ததைக் கந்தக அமிலத்தில் கரைத்தால் மீண்டும் பதனிடப் பயன்படும். பாடநூலில் இஃது இரண்டு வரிச் செய்தி. தொழிற்சாலையிலோ, குரோமிய நீர் பிற கழிவோடு கலவாதிருக்கத் தனி வாய்க்கால் வேண்டும். டிரம்மைத் திறக்கும் தொழிலாளிக்கு அதன் காரணம் தெரிந்திருக்க வேண்டும். சிறு முதலாளிக்கு அதற்கான இடமும் பொருளும் வேண்டும். இவற்றை எந்தத் தேர்வும் வினவுவதில்லை.

பச்சைத்தோல் கெடாதிருக்க இடும் சோற்றுப்பின் சிக்கல் இதனினும் கடிது. சாதாரணச் சுத்திகரிப்பால் அது நீங்காது. இத்தகைய வினாக்களே இறுதியாண்டு மாணவரின் ஆய்வுப் பொருளாக வேண்டும். ஒருநாள் சுற்றுலாவாகத் தொழிற்சாலையைக் கண்டு, தேநீர் அருந்தித் திரும்புவது பயிற்சியாகாது. ஆசிரியரும் ஒரு விடுமுறையையேனும் அங்கே கழித்தல் நன்று. கைவிரலால் தடவியே தோலின் பக்குவம் சொல்லும் மூத்த தொழிலாளியை வகுப்பறைக்கு அழைப்பதில் என்ன இழுக்கு?

மற்றொன்று: ஆய்வறிக்கைகள் ஆங்கிலத்தில் முடங்கிக் கிடக்கின்றன. தொழிற்கூடத்தில் வழங்கும் சொற்களைத் திரட்டி, அவ்வறிக்கைகளின் சாரத்தைத் தொழிலாளர்க்கு விளங்கும் தமிழில் எழுதித் தருவது, நம் துறை மாணவர் இரு கோடை விடுமுறைகளில் முடிக்கக்கூடிய பணியே.