ரப்பர் கருகும் வாடை: நோயும் நோய்முதலும்



மொழி பற்றிய இவ்வுரை வரிசையில் மகிழுந்தின் வாடைக்கு என்ன வேலை என நீங்கள் வினவலாம். சில ஆண்டுகளுக்கு முன் குளுவாங்கிலிருந்து ஆயர் ஹீத்தாமுக்குச் செல்லும் வழியில், நம் மகிழுந்துக்குள் ரப்பர் கருகும் வாடை எழுந்தது. பணிமனையில், "நாற்றம் அடிக்கிறது" என்று மட்டும் கூறினோம். அங்கிருந்தவர் இயந்திரத்தின் முன்புறப் பெல்ட்டை மாற்றித் தந்தார். மூன்றே வாரத்தில் அதே வாடை திரும்பிற்று. வேறொரு பணிமனையில் முதியவர் ஒருவர், கருவியைத் தொடுமுன் நம்மைக் கேட்டார்: "எப்படிப்பட்ட வாடை ஐயா? எப்போது வருது? எந்தப் பக்கம்? கூடவே சத்தம் ஏதும் உண்டா?" மொழியையே தொழிலாகக் கொண்ட நாம், முதற்கேள்விக்கே விடை தேடித் தடுமாறினோம்.

தடுமாற்றத்திற்குத் தமிழில் சொல் இல்லாமை காரணமன்று. முற்காலத் தமிழில் மலரின் மணமும் நாற்றம் எனப்பட்டது. இன்று அச்சொல் தீய வாடைக்கே உரியதாயிற்று. இம்மாற்றத்தை இழிபொருட்பேறு என்பர். எல்லாத் தீய வாடையையும் நாற்றம் என்னும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவதால், வேறு நல்ல சொற்கள் பயனிழக்கின்றன. அடிப்பிடித்த சோறு தீய்கிறது, தீயிற்பட்ட முடி பொசுங்குகிறது, அளவுமீறிக் காய்ந்த எண்ணெய் தொண்டையில் கமறுகிறது, கந்தகம் நெடியடிக்கிறது. ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடேற்றி உறுதியாக்கும் முறையைச் சார்லஸ் குட்இயர் 1839இல் கண்டறிந்தார். கருகும் ரப்பரின் நெடிக்கு அக்கந்தகமும் ஒரு காரணம்.

இச்சொற்களைக் கொண்டு மகிழுந்தை ஆராய்வோம். ரப்பர் நெடியோடு முன்புறத்தில் கீச்சொலியும் கேட்டால், பெல்ட் வழுக்குகிறது எனக் கொள்ளலாம். இயந்திரத்தை நிறுத்தி, அது ஆறிய பின்னரே பெல்ட்டில் வெடிப்போ பளபளப்போ உண்டா எனப் பார்த்தல் வேண்டும். வாடை கமறலாக இருந்து, மூடியின் கீழிருந்து மெல்லிய புகையும் வந்தால், கேஸ்கெட் வழியே கசிந்த எண்ணெய் சூடான புகைக்குழாயில் சொட்டுகிறது எனலாம். அப்போது எண்ணெய் அளவைச் சரிபார்த்து, கேஸ்கெட்டை மாற்றுவதே தீர்வு.

ஓட்டம் முடிந்தபின் ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் வீசினால், பிரேக் முழுதாக விடுபடவில்லை. கைப்பிரேக்கை இறக்க மறந்தோமா என முதலில் பார்க்கலாம். இல்லையெனில் பிரேக்கின் நகரும் பகுதிகள் இறுகியிருக்கும். சூடான தட்டில் நீரை ஊற்றலாகாது. அது விரிசல் விடக்கூடும். சிங்கப்பூருக்குச் செல்லும் ஜொகூர் பாலத்து நெரிசலில், கியரைக் கையால் மாற்றும் வண்டியில் தாள் கருகுவது போன்ற வாடை வந்தால், அரைக் கிளட்சில் கால் வைத்து ஊர்ந்ததே பெரும்பாலும் காரணம். காலை எடுத்தபின்னும் வாடை தொடர்ந்து, இயந்திரம் இரைந்தும் வேகம் கூடாவிடில், கிளட்ச் தட்டு தேய்ந்துவிட்டது.

நெகிழி பொசுங்கும் வாடையே மிக்க அச்சத்திற்குரியது. சாலையில் கிடந்த நெகிழிப்பை புகைக்குழாயில் ஒட்டியிருக்கலாம். மின்கம்பியின் உறையும் எரியலாம். வாடை மிகுந்தாலோ புகை தெரிந்தாலோ, சாலையோரம் நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, அனைவரும் இறங்கித் தடுப்புக்கம்பிக்கு அப்பால் விலகி நிற்க வேண்டும். தீ எனத் தோன்றினால் முன்மூடியைத் திறக்கலாகாது. உட்புகும் காற்று தீயை வளர்க்கும். உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும்.

இனி நம் வண்டிக்கு வருவோம். முதியவரின் கேள்விகளுக்கு ஒருவாறு விடை கூறினோம்: ரப்பர் நெடி, காலையில் இயக்கியவுடனும் குளிர்சாதனத்தைப் போட்டவுடனும் வருகிறது, முன்பக்கம், கீச்சொலி உண்டு. அவர் பெல்ட்டைக் கழற்றிவிட்டு, அது சுற்றிவரும் உருளைகளைக் கையால் ஒவ்வொன்றாகச் சுழற்றினார். ஓர் உருளை சுழல மறுத்தது; அதன் பேரிங் இறுகிப்போயிருந்தது. புதிய பெல்ட்டும் அதன்மேல் உராய்ந்தே கருகியது. உருளை மாறியது, வாடை நின்றது. பெல்ட் கருகியது நோய். இறுகிய உருளை நோய்முதல். திருக்குறளின் மருந்து அதிகாரம் நோயையும், அதன் காரணத்தையும், தணிக்கும் வழியையும் முறையே ஆராயச் சொல்கிறது. முதற்பணிமனை இடையிலிருந்த படியைத் தாண்டிவிட்டது. அதற்கு நம் அரைகுறைச் சொல்லும் துணைநின்றது.

ஆசிரியர்கள் இதனை வகுப்பில் ஒரு பயிற்சியாக்கலாம். நாற்றம் என்னும் சொல்லைத் தவிர்த்து, வீட்டிலும் தெருவிலும் நுகர்ந்த ஐந்து வாடைகளை, வந்த நேரமும் இடமும் சேர்த்து மாணவர் எழுதட்டும். பழுதுபார்ப்பவரிடமும், மருத்துவரிடமும், தீயணைப்பு வீரரிடமும் பேசும் நாளில் அச்சொற்கள் பொருளையும் காக்கும். சிலபோது உயிரையும் காக்கும்.