"உம்மா, நானும் மகாநாட்டுக்குப் போகட்டா?"



உங்கள் மகள் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் மகளாக இல்லாவிட்டாலும் உங்கள் நானாவின் மகளாகவோ, பக்கத்து வீட்டுப் பிள்ளையாகவோ இருக்கலாம். பிள்ளைகள் கடல் கடந்து படிக்கப் போவது இன்று நமக்குப் புதினமான சங்கதியல்லவே! ஒரு நாள் இரவு அவள் தொலைபேசியில் பேசுகிறாள்.

"உம்மா, எங்கட வகுப்புப் பிள்ளைகளெல்லாம் ஒரு மகாநாட்டுக்குப் போறாங்க. வேறொரு ஊர்ல, பெரிய ஹோட்டல்ல நடக்குது. நானும் போகட்டா?"

"என்ன மகாநாடு மகள்?"

"பொதுசனத் தொடர்பு மாணவர் மகாநாடும்மா."

உடனே உங்கள் மனதில் நூறு கேள்விகள் எழும். யார் யார் போகிறார்கள்? எங்கே தங்குவார்கள்? செலவு எவ்வளவு? இந்தக் கேள்விகளெல்லாம் நியாயமானவைதான். ஆனால், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. அங்கே போய் அவள் என்ன கற்றுக்கொள்ளப் போகிறாள்? அதை அறிந்துகொண்டால் மற்றக் கேள்விகளுக்குப் பதில் சொல்வது இலேசாகிவிடும்.

மருந்துக் குப்பியில் ஒரு பாடம்

வீட்டில் இருக்கும் மாத்திரைக் குப்பி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். புதிய குப்பியாக இருந்தால் மூடியைத் திறந்ததும் வாயில் ஒட்டப்பட்ட மெல்லிய தாளொன்று இருக்கலாம். அதைக் கிழித்தால்தான் மாத்திரை கைக்கு வரும். இத்தகைய முத்திரைகள் பரவலானதற்குப் பின்னால் ஒரு சோகக் கதை இருக்கிறது.

1982 ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், அமெரிக்காவின் சிக்காகோ நகரிலும் அதைச் சுற்றியும் ஏழு பேர் திடீரென்று இறந்துபோனார்கள். அவர்கள் உட்கொண்டிருந்தது டைலனோல் என்ற சாதாரண வலி நிவாரணி. கடைகளில் இருந்த குப்பிகளைத் திறந்து, யாரோ ஒரு பாவி அதற்குள் சயனைட் நஞ்சைக் கலந்திருந்தான்! மருந்தைத் தயாரித்த ஜோன்சன் அன்ட் ஜோன்சன் கொம்பனிக்கு இரண்டு வழிகள் இருந்தன. "தவறு எங்களுடையதல்ல" என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால், அந்தக் கொம்பனி மருந்தை வாங்க வேண்டாம், உட்கொள்ள வேண்டாம் என்று பத்திரிகை, வானொலி, தொலைக்காட்சி மூலம் நாட்டு மக்களை எச்சரித்தது. நாடு முழுவதிலும் இருந்து ஏறக்குறைய 3 கோடியே 10 லட்சம் குப்பிகளைத் திரும்பப் பெற்றது. இதனால் ஏற்பட்ட நட்டம் 10 கோடி டொலருக்கும் மேல். பின்னர் யாரும் இரகசியமாகத் திறக்க முடியாத முத்திரையுடன் அதே மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. மக்கள் மறுபடியும் நம்பி வாங்கினார்கள்.

ஒரு நிறுவனத்துக்கும் மக்களுக்கும் இடையில் நம்பிக்கையை உண்டாக்குவதும், அது உடையும்போது சரிசெய்வதும்தான் பொதுசனத் தொடர்பு. விளம்பரம் செய்பவர் காசு கொடுத்துப் பத்திரிகையில் இடம் வாங்குகிறார். பொதுசனத் தொடர்பாளரோ செய்தியாளர்களுக்குத் தகவல் கொடுக்கிறார். மக்களின் முறைப்பாட்டைக் கேட்டு மேலிடத்துக்குச் சொல்கிறார். ஆபத்து வரும்போது என்ன பேச வேண்டும் என்று ஆலோசனை கூறுகிறார். வைத்தியசாலை, வங்கி, பல்கலைக்கழகம், தொண்டு நிறுவனம் என்று எங்கும் இந்த வேலை இருக்கிறது.

சுதந்திரத்தின் பெயரால் ஒரு சிகரெட்

நாணயத்துக்கு இரண்டு பக்கம் உண்டல்லவா? மறுபக்கத்தையும் பெண்களாகிய நாம் கட்டாயம் அறிந்திருக்க வேண்டும்.

1929 ஆம் ஆண்டு மார்ச் 31 ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு. நியூயோர்க் நகரின் ஐந்தாம் அவெனியூவில் மக்கள் புத்தாடை அணிந்து உலாவந்துகொண்டிருந்தார்கள். அந்தக் கூட்டத்தின் நடுவே சில இளம் பெண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துப் புகைத்தபடி நடந்தார்கள். பெண்கள் தெருவில் புகைப்பது வெட்கக்கேடு என்று கருதப்பட்ட காலம் அது. "இவை சிகரெட்டல்ல, சுதந்திரத்தின் தீபங்கள்" என்ற பேச்சு எழுந்தது. பத்திரிகைகள் அதைப் பெரிய செய்தியாக்கின. பெண்கள் தாமாகவே நடத்திய உரிமைப் போராட்டம் என்றே வாசகர்கள் நினைத்தார்கள்.

உண்மை என்ன? அமெரிக்கன் டொபாக்கோ என்ற புகையிலைக் கொம்பனியின் தலைவர் தமது சிகரெட்டைப் பெண்களும் வாங்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காக எட்வேட் பேர்னேய்ஸ் என்பவரை அமர்த்தியிருந்தார். இவர் உளவியல் அறிஞர் சிக்மண்ட் பிராய்டின் மருமகன் முறையானவர். மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் ஆலோசனை கேட்டு இந்த ஊர்வலத்தை ஒழுங்குசெய்தவர் இவர்தான். பின்னால் இருந்த கொம்பனியின் பெயர் வெளியில் வரவில்லை.

கதை இத்துடன் முடியவில்லை. அந்தக் கொம்பனியின் சிகரெட் பெட்டி பச்சை நிறம். தங்கள் ஆடைக்கு அந்த நிறம் பொருந்தவில்லை என்று பெண்கள் வாங்கத் தயங்கினார்களாம். பெட்டியின் நிறத்தை மாற்றக் கொம்பனி மறுத்துவிட்டது. பேர்னேய்ஸ் என்ன செய்தார் தெரியுமா? பெண்களின் ரசனையையே மாற்றப் புறப்பட்டார்! 1934 இல் நியூயோர்க்கில் செல்வந்தர் வீட்டுப் பெண்கள் பச்சை ஆடை அணிந்து வரும் பெரிய விருந்தொன்றை நடத்துவித்தார். பச்சைதான் அந்த ஆண்டின் நாகரிகம் என்று பேசவைத்தார்.

அந்த ஒரு ஊர்வலத்தாலும் விருந்தாலும்தான் பெண்கள் புகைக்கத் தொடங்கினார்கள் என்று சொன்னால் அது மிகையாகும். ஆனால், பெண்ணின் நியாயமான ஆசையொன்றை எடுத்து அவளுக்கே தீங்கான பொருளை விற்கலாம் என்பதை இந்தக் கதை காட்டுகிறது. புகைத்தலின் தீமை பற்றிய அமெரிக்க அரசின் அறிக்கை 1964 இல் வெளிவந்தது. அந்தப் பத்தாண்டிலேயே பேர்னேய்ஸ் புகைத்தலுக்கு எதிரான பிரசாரத்தில் இறங்கினார். அதற்குள் எத்தனை குடும்பங்கள் எத்தனை பேரை இழந்திருக்கும்!

மாணவர் சங்கத்தின் தாய்

இனி மகள் சொன்ன மகாநாட்டுக்கு வருவோம்.

அமெரிக்கப் பொதுசனத் தொடர்பாளர் சங்கம் 1947 இல் உருவானது. இருபது ஆண்டுகள் கழித்து, 1967 இல், கல்லூரி மாணவர்களுக்கென்று தனிச் சங்கமொன்றை அது ஏற்படுத்தியது. இன்று 300 க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் அதற்குக் கிளைகள் உள்ளன. இந்த மாணவர் சங்கம் வேரூன்ற உழைத்தவர்களில் முதன்மையானவர் ஒரு பெண். அவர் பெயர் பெற்ஸி பிளாங்க்.

1924 இல் அலபாமா மாநிலத்தில் பிறந்தவர் இவர். பல்கலைக்கழகத்தில் படித்தது சரித்திரம். உயர்பதவிகளெல்லாம் ஆண்களுக்கே என்றிருந்த காலத்தில் தொலைபேசிக் கொம்பனியொன்றில் பெரும் பொறுப்புக்கு உயர்ந்தார். 1973 இல் பொதுசனத் தொடர்பாளர் சங்கத்தின் தலைவியானார். அந்தப் பதவிக்கு வந்த முதற்பெண் அவரே. 2010 இல் மறையும்வரை மாணவர்களுக்கு வழிகாட்டுவதை அவர் விடவில்லை. இன்று அமெரிக்காவில் இந்தத் துறையில் பெண்களே பெரும்பான்மை. மகாநாட்டு மண்டபத்தில் மகள் உட்காரும்போது சுற்றியிருப்பவர்களும் பெரும்பாலும் மாணவிகளாகவே இருப்பார்கள்.

மகாநாட்டில் என்ன நடக்கும்?

ஆண்டுக்கொரு முறை, பெரும்பாலும் ஒக்டோபர், நவம்பர் மாதங்களில், வெவ்வேறு நகரங்களில் இந்த மகாநாடு கூடும். நாடெங்கிலுமிருந்து மாணவர்கள் வருவார்கள். ஒரே நேரத்தில் பல அறைகளில் பல அமர்வுகள் நடக்கும். ஒன்றில் வைத்தியசாலைத் தொடர்பு பற்றிப் பேசுவார்கள். இன்னொன்றில் பத்திரிகைக் குறிப்பு எழுதுவது எப்படி என்று விளக்குவார்கள். மற்றொன்றில் நெருக்கடி வேளையில் என்ன செய்வது என்று அலசுவார்கள். தொழில் நிறுவனங்கள் மேசை போட்டு மாணவர்களைச் சந்திக்கும் கண்காட்சியும் உண்டு. சுயவிபரக் கோவையைக் கொண்டுபோய் அங்கே காட்டி ஆலோசனை கேட்கலாம். பயிற்சி வேலைக்கு அது முதற்படியாக அமையலாம்.

இந்தச் சங்கம் 1973 முதல் நடத்திவரும் போட்டியொன்றும் இருக்கிறது. நாலைந்து மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்து உண்மையான நிறுவனமொன்றுக்காக உண்மையான பிரசாரத்தை நடத்த வேண்டும். முதலில் ஆராய்ச்சி, அடுத்து திட்டம், பிறகு செயல், இறுதியில் மதிப்பீடு. இந்த நான்கு படிகளில் முதற்படியைப் பாருங்கள். பேசுவதற்கு முன் கேட்பது! மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று அறியாமல் வாயைத் திறக்காதே என்பதுதான் இந்தத் தொழிலின் முதற்பாடம். நம் வீடுகளுக்கும் இது பொருந்தாதா என்ன?

இந்தத் தொழிலுக்கு ஒழுக்கக் கோவையொன்றும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் திருத்தி எழுதப்பட்ட அக்கோவை நேர்மை, நியாயம், சுயாதீனம் போன்றவற்றை வலியுறுத்துகிறது. ஒரு கருத்தின் பின்னால் யாருடைய நலன் இருக்கிறதோ அதை மறைக்காமல் வெளியிட வேண்டும் என்பது அதில் ஒரு விதி. 1929 ஆம் ஆண்டின் அந்த ஊர்வலத்தை இந்த விதிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதியின் அருமை விளங்கும். ஆனால், அமெரிக்காவில் இந்தத் தொழிலைச் செய்ய அனுமதிப்பத்திரம் எதுவும் தேவையில்லை. கோவையை மதிப்பதும் மீறுவதும் பெரிதும் அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஆகவேதான் படிக்கும் வயதிலேயே அதைப் பற்றிப் பேசிப் பழக வேண்டியிருக்கிறது.

வகுப்புத் தோழிகளோடு போவதன் பயன்

தனியாகப் போகும் மாணவிக்கும் நாலு தோழிகளோடு போகும் மாணவிக்கும் நிறைய வித்தியாசம் உண்டு.

முதலாவது, செலவு. ஓர் அறையை நாலு பேர் பகிர்ந்தால் வாடகை நாலில் ஒன்றாகிவிடும். முன்கூட்டியே பதிவு செய்பவர்களுக்குக் கட்டணம் குறைவு. கேக், பிஸ்கட் செய்து விற்றுப் பயணச் செலவுக்குப் பணம் சேர்க்கும் மாணவிகள் அங்கே பலர். பல்கலைக்கழகத்திடமும் உதவி கேட்கலாம். காசுக்காக உம்மா வாப்பாவை மட்டும் எதிர்பார்க்காமல், தானும் முயன்று போகும் பயணத்தின் அருமை பிள்ளைக்கு நன்றாகவே விளங்கும்.

இரண்டாவது, படிப்பு. ஒரே வேளையில் நாலு அமர்வுகள் நடந்தால் நாலு தோழிகளும் நாலு அறைகளுக்குப் பிரிந்து போகட்டும். இரவில் ஒன்றாக உட்கார்ந்து குறிப்புகளைப் பரிமாறட்டும். ஒருத்தி கேட்டதை மற்றவர்களுக்கு எடுத்துச் சொல்லும்போதுதான் அவளுக்கே அது பதியும்.

மூன்றாவது, துணிவு. நூற்றுக்கணக்கானோர் இருக்கும் சபையில் எழுந்து கேள்வி கேட்க முதலில் கால் நடுங்கும். பக்கத்தில் தோழி இருந்தால் நடுக்கம் பாதியாகும்.

நீங்கள் கேட்க வேண்டியவற்றைத் தயங்காமல் கேளுங்கள். மாணவர் கிளைக்குப் பொறுப்பான விரிவுரையாளர் யார், ஹோட்டலின் பெயரும் தொலைபேசி இலக்கமும் என்ன, அறையில் உடன் தங்குபவர்கள் யார், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஹலால் உணவு வேண்டுமென்பதைப் பதிவு செய்யும்போதே தெரிவிக்கச் சொல்லுங்கள். இரவு விருந்துகளுக்குப் போகாவிட்டால் எதுவும் குறைந்துவிடாது என்பதையும் சொல்லிவையுங்கள். மகாநாட்டின் உயிர் பகல் அமர்வுகளில்தான் இருக்கிறது.

மகளின் பெட்டியில் மூன்று கேள்விகள்

உடுப்போடும் குறிப்புப் புத்தகத்தோடும் மூன்று கேள்விகளையும் மகளுக்குக் கொடுத்தனுப்புங்கள். மேடையில் யார் எவ்வளவு அழகாகப் பேசினாலும் அவள் இவற்றை மனதுக்குள் கேட்டுப் பார்க்க வேண்டும்.

இதைச் சொல்வதற்குக் காசு கொடுத்தவர் யார்?

இதில் சொல்லாமல் விட்டது என்ன?

இதை நம்புபவருக்கு நன்மையா, நம்பவைப்பவருக்கு மட்டும் நன்மையா?

1929 இல் ஐந்தாம் அவெனியூவில் நின்ற செய்தியாளர்களில் ஒருவராவது முதற்கேள்வியைக் கேட்டு, பதிலை எழுதியிருந்தால் மறுநாள் செய்தி வேறாக இருந்திருக்கும்.

இந்தக் கேள்விகள் மகளுக்கு மட்டுமா? இல்லை, சகோதரிகளே! தொலைக்காட்சியில் பால்மா பற்றியும், முகத்தை வெண்மையாக்கும் களிம்பு பற்றியும், பிள்ளையின் மூளையை வளர்க்கும் பானம் பற்றியும் நாள்தோறும் நம்மிடம் பேசுகிறார்கள். கைத்தொலைபேசியைத் திறந்தால் யார் என்றே தெரியாதவர்கள் நமது தங்கையைப் போல உரிமையோடு பேசி எதையெதையோ வாங்கச் சொல்கிறார்கள். வீட்டுப் பணம் பெரும்பாலும் நமது கையால்தான் செலவாகிறது. ஆகவே நம்மைத்தான் முதலில் தேடி வருகிறார்கள்.

மகள் திரும்பி வந்ததும், "ஹோட்டல் எப்படி, சாப்பாடு எப்படி?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். "யார் பேசினார்கள்? நீ என்ன கேள்வி கேட்டாய்? அவர்கள் என்ன பதில் சொன்னார்கள்?" என்றும் கேளுங்கள். சந்தித்தவர்களுக்கு ஒரு வாரத்துக்குள் நன்றிக் கடிதம் எழுதச் சொல்லுங்கள். மகாநாட்டில் கிடைத்த அறிமுகங்கள் அப்போதுதான் நிலைக்கும்.

தொலைபேசியில் அவள் இன்னும் காத்திருக்கிறாள். "உம்மா, நானும் போகட்டா?"

"போய் வா மகள். நல்லாக் கேட்டுட்டு வா. வந்து எனக்கும் சொல்லித் தா."