திரைப்பட மதிப்பெண்: எண் ஒன்று, பொருள் வேறு

திரைப்படம் குறித்த ஆய்வேடுகளில் மதிப்பெண்ணைத் தரச்சான்றாகக் காட்டும் வழக்கம் உண்டு. அவ்வெண் எவ்வாறு உருவானது என்பது பெரும்பாலும் வினவப்படுவதில்லை.

ஆனந்த விகடன் விமர்சனக்குழு நூற்றுக்கு மதிப்பெண் வழங்கியது. பாரதிராஜாவின் ‘16 வயதினிலே’ (1977) பெற்றது 62.5, மகேந்திரனின் ‘முள்ளும் மலரும்’ (1978) 61, மணிரத்னத்தின் ‘நாயகன்’ (1987) 60. பள்ளித் தேர்வில் நடுத்தரம் எனப்படும் எண்கள் இவை. விகடன் வாசகருக்கோ அரிய பாராட்டு. அளவுகோல் நூறு வரை நீண்டிருந்தும் அதன் மேற்பகுதி வெறுமையாகவே கிடந்தது. எனவே 40க்கும் 45க்கும் உள்ள சிறு இடைவெளிகூட வாசகரிடம் பெரும் பொருள் பெற்றது. அச்சிடப்படாத இவ்வழக்கை அறியாதார்க்கு அவ்வெண் தவறான செய்தியையே தரும்.

ராட்டன் டொமாட்டோஸ் தளத்தின் 60 விழுக்காடு முற்றிலும் வேறானது. அது தர அளவன்று. விமர்சகர்களுள் நூற்றுக்கு அறுபதின்மர் படத்தைச் சாதகமாக மதிப்பிட்டனர் என்னும் தலைக்கணக்கே. எல்லாரும் ‘பரவாயில்லை’ என்ற படம் அங்கு நூறைத் தொடலாம். பாதிப்பேர் கொண்டாடி, பாதிப்பேர் வெறுத்த படமோ 50இல் நிற்கும். இதனை விகடன் எண்ணோடு ஒரே அட்டவணையில் அடுக்குவது, முழத்தையும் படியையும் கூட்டுவதற்கு ஒப்பாகும்.

ஐஎம்டிபி பத்துக்கு இடும் எண், பயனர் வாக்குகளின் எடையிட்ட சராசரி. எடையிடும் முறையை அத்தளம் முழுமையாக வெளியிடுவதில்லை.