பழைய பட்டாளத்துத் துப்பாக்கி குடியானவருக்கு உதவுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர், இராஜபாளையம் ஆகிய ஊர்களை அடுத்த வன்னியம்பட்டி முதலிய கிராமங்களுக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. அம்மலைப் பக்கத்து நிலங்களில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் பருவத்தில் காட்டுப்பன்றிக் கூட்டம் ஒன்று புகுந்தால், மூன்று மாத உழைப்பு ஓர் இரவில் பாழாகும். பயிர்க்கடன் பெற்றுச் சாகுபடி செய்யும் சங்க அங்கத்தினருக்கு நஷ்டம் விளைச்சலோடு நிற்பதில்லை; தவணையும் தவறுகிறது. அத்தகைய சமயத்தில், "பட்டாளத்துப் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தால் போதும்" என்ற பேச்சு எழுவது இயல்பே. சங்கத்தின் நகைப் பெட்டகத்திற்குக் காவல் ஏற்படுத்த முற்படும்போதும் இதே யோசனை சொல்லப்படுவதுண்டு. இந்த யோசனையின் தகுதியை அங்கத்தினர்கள் நன்கு சீர்தூக்கிப் பார்த்தல் அவசியம்.

துப்பாக்கியின் வரலாறு

பட்டாளத்துத் துப்பாக்கி என்று ஜனங்கள் பொதுவாகக் குறிப்பிடுவது லீ-என்பீல்டு என்னும் ரைபிளையேயாகும். அதன் குழலின் உள்விட்டம் ஓர் அங்குலத்தில் 0.303 பங்கு. ஆகையால் "திரீ-நாட்-திரீ" என்ற பெயரும் வழங்குகிறது. ஜேம்ஸ் பாரிஸ் லீ என்பவர் வகுத்த அமைப்பும், இங்கிலாந்தில் என்பீல்டு தொழிற்சாலையின் குழலும் சேர்ந்து, 1895-இல் அது பிரிட்டிஷ் படைக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டது. பின்னர் வங்காளத்திலுள்ள இச்சாப்பூர் தொழிற்சாலையிலும் அது செய்யப்பட்டது. இரண்டு உலக யுத்தங்களிலும் இந்தியச் சிப்பாய்கள் அதனைத் தாங்கினர். 1962-ஆம் வருஷத்துச் சீன யுத்தத்திலும் அவர்களில் மிகப் பலருக்கு அதுவே ஆயுதமாயிருந்தது. அதன்பின் இச்சாப்பூரில், அதே மாதிரியை உறுதி மிகுந்த எஃகினால் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு ஏற்றவாறு செய்தனர். உத்தரப் பிரதேசப் போலீசார் 2020-ஆம் வருஷக் குடியரசு தின அணிவகுப்போடு இந்தப் பழைய ரைபிளுக்கு விடை கொடுத்தனர்.

அதன் நற்குணங்கள்

இத்தனை காலம் ஒரு கருவி நிலைத்ததற்குத் தக்க காரணங்கள் உண்டு. கதவின் தாழ்ப்பாளைப் போல ஓர் இரும்புத் தாழைத் திருப்பி இழுத்துத் தள்ளினால் வெறுங்கூடு வெளியேறி அடுத்த தோட்டா உள்ளே செல்லும். தாழின் ஓட்டம் குறுகியதாகையால் வேலை விரைவாக நடக்கும். அறையில் பத்துத் தோட்டாக்கள் கொள்ளும். புழுதியையும் சேற்றையும் அது பெரிதும் பொறுத்துக்கொள்ளும். கனடா தேசத்தின் வடகோடிப் பனிப் பிரதேசத்தில், ரேஞ்சர்கள் என்னும் காவல் படையினர் 1947 முதல் ஏறக்குறைய எழுபது வருஷம் இதையே வைத்திருந்தனர். அவர்கள் அதைக் கைவிட நேர்ந்ததற்கு முக்கியக் காரணம், உதிரி உறுப்புகள் கிடைப்பது அரிதானதேயாகும்.

வயதினால் வரும் குறைகள்

ஆயினும், மாதிரி சிறந்தது என்பதால் கையிலுள்ள துப்பாக்கியும் சிறந்தது என்று கொள்ளலாகாது. பழைய ரைபிளில் மூன்று விஷயங்கள் கவனிக்கத்தக்கவை.

முதலாவது, குழல். குண்டைச் சுழலச் செய்து நேரே செலுத்துவதற்காகக் குழலின் உட்புறத்தில் சுருள் வரிகள் வெட்டப்பட்டுள்ளன. பழைய தோட்டாக்களின் பொட்டுமருந்து வெடித்தபின் ஒருவகை உப்பு குழலினுள் படியும். அது காற்றின் ஈரத்தை ஈர்த்துத் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது; நீரில்தான் கரையும். ஆகையால் சிப்பாய்கள் குழலில் கொதிநீர் ஊற்றிக் கழுவி, உலர்த்திய பின்னரே எண்ணெய் பூசினர். இவ்வழக்கம் தவறிய குழல்கள் வெளியே பளபளப்பாகவும் உள்ளே அரித்தும் இருக்கும். அவை குறி தப்பும்.

இரண்டாவது, தாழ். தாழின் முகத்திற்கும் தோட்டாவின் அடிக்கும் இடையேயுள்ள இடைவெளி மிக நுட்பமாக அளவிடப்பட்டது. தேய்மானத்தால் அது மிகுந்தால் வெடிக்கும்போது பித்தளைக்கூடு கிழிந்து, சூடான வாயு சுடுபவர் முகத்தை நோக்கிப் பாயக்கூடும். ஒரு துப்பாக்கியின் தாழை மற்றொன்றில் பொருத்துவதாலும் இத்தீங்கு நேரும். உடலிலும் தாழிலும் ஒரே எண் இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது இதன் பொருட்டே.

மூன்றாவது, தோட்டா. வெப்பத்திலும் ஈரத்திலும் பல வருஷம் கிடந்த தோட்டா சில சமயம் வெடிக்காது. சில சமயம் தாமதித்து வெடிக்கும். தாமதித்து வெடிப்பது மிகவும் ஆபத்து.

வயலில் அதன் வீச்சு

ஒரு ஏக்கர் நிலம் சதுரமாயிருந்தால் அதன் ஒரு பக்கம் ஏறக்குறைய 64 மீட்டர். இந்த ரைபிளின் குண்டு விநாடிக்குச் சுமார் 740 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது. அது அந்நிலத்தைப் பத்தில் ஒரு விநாடிக்குள் கடந்துவிடும். பன்றியைத் தவறவிட்ட குண்டு மூன்று கிலோமீட்டர் வரையிலும் செல்லக்கூடும். வரப்புக்கு அப்பால் நீர் பாய்ச்சுபவரும், ஆட்டுக்கிடையில் படுத்திருப்பவரும், அடுத்த ஊராரும் அவ்வெல்லைக்குள் இருக்கிறார்கள். இரவில் அவர்கள் சுடுபவரின் கண்ணுக்குத் தெரியார். கடைவீதியிலுள்ள சங்கக் கட்டடத்திலும் இதே ஆபத்து உண்டு. இக்குண்டு மரக்கதவைத் துளைத்து அப்பாலும் செல்லும். முற்காலத்தில் போலீசாருக்கும் சிறைக் காவலருக்குமென இச்சாப்பூரில் இதே ரைபிள்கள் பல, வரிகள் நீக்கிய .410 குழலுடன், ஒரே தோட்டா இடும் துப்பாக்கிகளாக மாற்றப்பட்டன என்பது இங்கே நினைக்கத்தக்கது.

சட்டம் கூறுவது

.303 ரைபிள் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தது. சாதாரணக் குடிமக்கள் அதை வைத்திருக்க இயலாது. இக்காரணத்தாலேயே ராணுவத் தோட்டா பொருந்தாத .315 ரைபிளை, லீ-என்பீல்டு மாதிரியில் இச்சாப்பூரார் பொதுமக்களுக்கெனச் செய்தனர். அதற்கும் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸில் பெயரில்லாதவர் கையில் அதனைக் கொடுப்பது குற்றம். பயிர்ப் பாதுகாப்பைப் பொறுத்தவரை, 1959-ஆம் வருஷத்து ஆயுதச் சட்டம் குறிப்பிடுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே. அது போதாதென்று அதிகாரி கருதினால், வரியில்லாத வேறு குழல் துப்பாக்கிக்கு அனுமதி தரலாம்.

துப்பாக்கிக்கு லைசென்ஸ் கிடைத்தாலும் பன்றியைச் சுட உரிமை கிடைத்ததாகாது. காட்டுப்பன்றி 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்கு உட்பட்டது. 2025-இல் தமிழ்நாடு சர்க்கார் வெளியிட்ட ஏற்பாட்டின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடலாகாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் மட்டுமே, அதுவும் பயிற்சி பெற்ற வனத்துறைச் சிப்பந்திகள் சுடலாம்.

செய்யத்தக்கது யாது?

பழைய ரைபிள் நல்ல கருவியே. ஆயினும் அது யுத்தத்திற்கென ஏற்பட்டது. குடியானவருக்கு வேண்டுவது பன்றியை வயலுக்கு வெளியே நிறுத்தும் சாதனம். அதற்குச் சூரிய மின்வேலி ஏற்றது. அது விட்டுவிட்டுப் பாயும் சிறு அதிர்ச்சியால் விலங்கை விரட்டும். வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் செலுத்துவதோ மனிதரையும் மாட்டையும் கொல்லும். அதனை ஒருபோதும் செய்யலாகாது. மின்வேலிகளைப் பதிவு செய்வது பற்றி 2023-ஆம் வருஷத்து விதிகள் உண்டாகையால், வேலையைத் தொடங்குமுன் வனத்துறையாரைக் கேட்டறிதல் நலம். இராஜபாளையம் நாய் இரவில் வரவறிந்து குரைப்பதற்கு உதவும். அதனைப் பன்றிமேல் ஏவுவது வேட்டையாகும்.

ஒருவர் மட்டும் வேலியிட்டால் பன்றி அடுத்தவர் வயலில் புகும். எனவே அடுத்தடுத்த நிலமுடையோர் ஒன்றுசேர்ந்து ஒரே வேலி அமைத்து, செலவையும் இரவுக் காவலையும் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளல் வேண்டும். சேதம் நேர்ந்தால் அன்றே வனத்துறையாருக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் எழுத்து மூலம் தெரிவித்தல் வேண்டும். சங்க நிர்வாகிகள் அடுத்த மகாசபைக் கூட்டத்திலேயே இவ்விஷயத்தை எடுத்துக்கொண்டு, கதிர் பிடிக்கும் பருவத்திற்கு முன் தீர்மானம் செய்வார்களாயின், அங்கத்தினரின் பயிரும் சங்கத்தின் கடனும் ஒருங்கே காப்பாற்றப்படும்.